காப்பே அண்ட் சன்ஸ்

கடைத்தெருவில் ‘அண்ட் சன்ஸ்’ என்று முடிகிற பலகைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தாத்தா கல்லாவில் உட்கார்ந்த காலத்தில் எழுதினது. அப்பா காலத்தில் புதுசாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பேரன் காலத்துக்கு வரும்போது அதே பலகைக்குக் கீழே இரண்டு ஷட்டர், நடுவே ஒரு சுவர், கோர்ட்டில் ஒரு கேஸ். மூன்று தலைமுறை தாண்டி ஒற்றுமையாக நடக்கும் ‘அண்ட் சன்ஸ்’ அபூர்வம்.

அப்படி ஒரு குடும்ப வியாபாரம் கி.பி. 987-ல் ஆரம்பித்து இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? சரக்கு: ராஜ்ஜியம். ஹெட் ஆபீஸ்: பாரிஸ். முதல் முதலாளி: ஹியூ காப்பே. கிளைகள்: போர்ச்சுக்கல், நேப்பிள்ஸ், ஹங்கேரி, போலந்து, ஸ்பெயின்... அட, நம்ம பாண்டிச்சேரிகூட ஒரு காலத்தில் இவர்கள் கணக்கில்தான் இருந்தது. பி.காம். படித்தவன் என்பதால் பேரேட்டைப் புரட்டும் பழக்கம் போகவில்லை. இந்தக் குடும்பத்தின் பேரேட்டில் ஒரு நாலு வயசுப் பெண்ணின் பெயரில் மட்டும் பெரிய பாக்கி ஒன்று நிற்கிறது. இந்த வாரம் அந்தப் பாக்கியைப் பற்றி.

* * *

987-ல் பிரான்ஸை ஆண்ட ஐந்தாம் லூயி, வேட்டைக்குப் போன இடத்தில் அடிபட்டு இறந்துபோனார். குழந்தை கிடையாது. பிரபுக்கள் கூடி, ஹியூ காப்பேயைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆமாம், தேர்ந்தெடுத்தார்கள். அப்போது ராஜா பதவி எலெக்‌ஷன் போஸ்ட் மாதிரிதான். ஹியூவின் நேரடி ஆட்சி பாரிஸ், ஆர்லியான் சுற்றுவட்டாரத்தோடு சரி. அவருக்குக் கீழே இருந்த சில பிரபுக்களுக்கு அவரைவிட நிலம் ஜாஸ்தி. அதனால்தான் துணிந்து உட்காரவைத்தார்கள் போலிருக்கிறது. இந்த ஆள் என்ன செய்துவிடப் போகிறார்?

ஆள் செய்தது ஒன்றே ஒன்றுதான். பதவியேற்ற அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, தான் உயிரோடு இருக்கும்போதே மகன் ராபர்ட்டுக்கும் முடிசூட்டிவிட்டார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு ‘யுத்தத்துக்குப் போகிறேன், திரும்பி வராவிட்டால்?’ என்று சமாதானம். அப்பா கண்ணை மூடியபோது தேர்ந்தெடுக்க ஒன்றும் பாக்கியில்லை. ராஜா ஏற்கனவே சீட்டில் இருக்கிறார்! இந்தத் தந்திரத்தை அவர் வம்சத்தார் 1179 வரை கையாண்டார்கள். அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. ‘மகன்தான் அடுத்த ராஜா’ என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முக்கியமான மூலப்பொருள் வேண்டும்: மகன். ஏழாம் லூயிக்கு அது சுலபமாகக் கிடைக்கவில்லை. 1137-ல் முதல் கல்யாணம். இரண்டு பெண்கள். கல்யாணம் ரத்து. இரண்டாவது மனைவி. அவருக்கும் இரண்டு பெண்கள், பிரசவத்தில் மரணம். மூன்றாவது மனைவிக்கு 1165-ல் ஒருவழியாகப் பையன். ‘கடவுள் தந்த பிள்ளை’ என்றே கூப்பிட்டார்கள். 28 வருஷக் காத்திருப்பு. நடுவில் பிறந்த நாலு பெண்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

ஆக 987 முதல் 1316 வரை 329 வருஷம், 12 ராஜாக்கள், ஒரு தடவைகூட அறுபடாமல் அப்பாவிடமிருந்து மகனுக்குக் கல்லாச் சாவி போயிற்று. எந்தக் கம்பெனிக்கு இந்த ரிக்கார்டு உண்டு?

* * *

சரி, மூத்தவனுக்கு ராஜ்ஜியம். இளையவர்கள்? சும்மா இருப்பார்களா! ஆளுக்கு ஒரு பிராந்தியத்தைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிராஞ்ச் ஆபீஸ். போகப் போக இதில் கறாரான ஒரு ஷரத்தும் சேர்ந்தது. ஆண் வாரிசு இல்லாமல் கிளை பட்டுப்போனால் சொத்து ஹெட் ஆபீஸுக்கே திரும்பிவிடும்.

சில கிளைகள் ஹெட் ஆபீஸையே தூக்கிச் சாப்பிட்டன. ஹியூவின் பேரன் ராபர்ட்டுக்கு 1032-ல் பர்கண்டி கிடைத்தது. அவருடைய பேரன் ஒருவர் பிழைப்புத் தேடி ஸ்பெயின் பக்கம் போய்ச் சண்டை போட்டு, போர்ச்சுக்கலில் காலூன்றினார். அவர் மகன் அஃபோன்சோதான் போர்ச்சுக்கலின் முதல் ராஜா. 1498-ல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பிவைத்த மானுவேல் யார் என்கிறீர்கள்? இந்தக் கிளையில், சட்டபூர்வமான கல்யாணத்துக்கு வெளியே முளைத்த ஒரு கொம்பின் வழி வந்தவர். அதிலிருந்து இன்னொரு கொம்பு பிரகான்ஸா. அந்த வீட்டுப் பெண் காதரினை இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது 1661 ஒப்பந்தப்படி போட்ட சீரில் ஒன்று, பம்பாய். ஆமாம் சார், ஊரையே சீதனமாகக் கொடுத்தார்கள்.

இன்னொரு கிளை ஆன்ஜூ. ஒன்பதாம் லூயியின் தம்பி சார்லஸ் 1266-ல் சண்டை போட்டு சிசிலியையும் நேப்பிள்ஸையும் பிடித்தார். வரி போட்டு வறுத்தெடுத்ததில் 1282-ல் ஈஸ்டர் திங்களன்று பலெர்மோவில் கலகம் வெடித்து, சிசிலி கைவிட்டுப் போயிற்று. நேப்பிள்ஸ் மிஞ்சியது. அங்கிருந்து ஒரு கொப்பு ஹங்கேரிக்கும், பிறகு போலந்துக்கும் படர்ந்தது. அந்தக் கொப்பின் கடைசியில் ஒரு பெண் வருகிறாள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி சந்திப்போம்.

* * *

இப்போது ஹெட் ஆபீஸ். வருஷம் 1314. சிம்மாசனத்தில் அழகன் என்று பெயரெடுத்த நாலாம் பிலிப். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்ட மகள் இசபெல்லா. வம்சத்துக்கு என்ன குறைச்சல்?

அந்த வருஷம்தான் குண்டு விழுந்தது. மருமகள்களில் இருவர் மீது கள்ள உறவுக் குற்றச்சாட்டு. போட்டுக்கொடுத்தது நாத்தனார் இசபெல்லாதான் என்கின்றன அக்காலக் குறிப்புகள் சில. சம்பந்தப்பட்ட இரண்டு வீரர்களைக் கொடூரமாகக் கொன்றார்கள். மூத்த மருமகள் மார்கரெட் கோட்டைச் சிறையில் 1315-ல் செத்துப்போனார். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் ஜோன். 1312-ல் பிறந்தவள்.

அதே வருஷக் கடைசியில் பிலிப் இறந்து மூத்த மகன் பத்தாம் லூயி ராஜாவானார். மார்கரெட் போனதும் அவசரமாக இரண்டாம் கல்யாணம். 1316 ஜூனில் லூயியும் காலி. (பந்து விளையாடிவிட்டு வியர்வையோடு ஜில்லென்று ஒயின் குடித்தார் என்று கதை.) இரண்டாம் மனைவி கர்ப்பம். நாடே நாள் எண்ணியது. நவம்பரில் பிள்ளை பிறந்தது. ஆண்! முதலாம் ஜான். பிறந்த நிமிஷமே ராஜா. ஐந்தே நாள் ஆட்சி. இறந்துவிட்டது.

இப்போது யார்? செத்துப்போன ராஜாவின் உயிரோடு இருக்கும் ஒரே குழந்தை, நாலு வயசு ஜோன். அவளைத் தன் மகள் என்று லூயி ஏற்றுக்கொண்டும் இருந்தார். ‘பெண் ஆளக்கூடாது’ என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 329 வருஷமாக அந்தக் கேள்வியே எழவில்லையே!

சித்தப்பா பிலிப் யோசிக்கவில்லை. 1317 ஜனவரியில் ரேம்ஸ் நகரத்துக் கதவுகளைச் சாத்திக்கொண்டு முடிசூட்டிக்கொண்டார். அடுத்த மாதம் பாரிஸில் பெரிய மனுஷர்களைக் கூட்டி, ‘பெண்ணுக்குக் கிரீடம் கிடையாது’ என்று தீர்மானம் போட வைத்தார். முதலில் நாற்காலி, பிறகு ரூல்.

தமாஷ் கேளுங்கள். அந்த முடிசூட்டில் கிரீடத்தைத் தாங்கிய பிரபுக்களில் ஒருவர் பெண். மஹோ என்ற சீமாட்டி, பிலிப்பின் மாமியார். ஆர்ட்வா என்ற கிளைக்குச் சொந்தக்காரி. அது அவருக்கு எப்படி வந்தது? அண்ணன் தம்பி உயிரோடு இல்லை. அண்ணன் தம்பி பெற்ற பிள்ளை ஒருவன் இருந்தான். அவன் போட்ட வழக்கில், ‘பேரனைவிட மகளுக்கே உரிமை’ என்று 1309-ல் தீர்ப்பாகி மஹோவுக்கு வந்த சொத்து அது! மகள் என்ற உரிமையில் கிளையை ஆண்டவரின் கை, இன்னொரு மகளின் உரிமையைப் பறித்த கிரீடத்தைத் தாங்கியது. அவருக்குச் சுருக்கென்றதா? மருமகன் ராஜா, மகள் ராணி. சுருக்கென்றிருக்காது.

ஜோனுக்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தாய்மாமன், பர்கண்டி பிரபு. அவரையும் சமாளித்தார்கள். 1318-ல் பிலிப்பின் மூத்த மகளை அவருக்கே கட்டிக்கொடுத்தார்கள். மாமன் குரல் அடங்கிவிட்டது. ஜோனுக்கும் ஆறு வயசில் ஒரு பங்காளி வீட்டுப் பையனோடு கல்யாணம். கேஸ் குளோஸ்.

* * *

‘அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்’ என்பார்கள். இங்கே தெய்வம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. 1322-ல் பிலிப் இறந்தபோது அவருக்கு மிஞ்சியது பெண்கள் மட்டுமே. அப்பா போட்ட ரூல் மகள்களைத் தாக்கியது. தம்பி நாலாம் சார்லஸ் வந்தார். 1328-ல் அவரும் போனார். மனைவி கர்ப்பம். மறுபடி நாடு நாள் எண்ணியது. ஏப்ரல் 1-ம் தேதி குழந்தை. பெண்.

மூல வம்சம் அத்தோடு முடிந்தது. கிரீடம் பங்காளிக் கிளைக்குப் போனது. அது வாலுவா. இந்தக் கிளையை ஆரம்பித்த சார்லஸ் பாவம், ஒரு ராஜாவுக்கு மகன், ஒரு ராஜாவுக்குத் தம்பி, மூன்று ராஜாக்களுக்குச் சித்தப்பா, ஒரு ராஜாவுக்கு அப்பா. தான் மட்டும் பிரான்ஸுக்கு ராஜா ஆகவில்லை. ஆபீஸில் ஒவ்வொரு தடவையும் புரொமோஷன் லிஸ்டில் அடுத்த பெயராக நிற்பவர்கள் இவரை நினைத்து ஆறுதல் அடையலாம்.

இங்கிலாந்திலிருந்து ஒரு குரல். நாத்தனார் இசபெல்லாவின் மகன் மூன்றாம் எட்வர்ட். ‘பெண் ஆளக்கூடாது, சரி. ஆனால் பெண் வழியாக உரிமை வரலாமே? நான் நாலாம் பிலிப்பின் பேரன். வாலுவாக்காரர் வெறும் பங்காளிதானே?’ பாரிஸ் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! தாய்க்கு இல்லாத உரிமை மகனுக்கு எப்படி வரும்? 1337-ல் யுத்தம். பிரான்ஸில் இருந்த இங்கிலாந்து நிலங்கள், ஃபிளாண்டர்ஸ் கம்பளி வியாபாரம் எல்லாம் அதற்குக் காரணங்கள்தான். ஆனால் எட்வர்டின் விளம்பரப் பலகை, ‘தாத்தா சொத்து’. விட்டு விட்டு 1453 வரை நீண்டது. நூற்றாண்டுப் போர் என்று படித்திருப்பீர்கள். இங்கிலாந்து ராஜாக்கள் ‘பிரான்ஸின் ராஜா’ என்ற பட்டத்தை 1801-ல்தான் கைவிட்டார்கள்.

அந்தப் போரில் கிளை ஒன்று தலைமை ஆபீஸுக்கே உலை வைத்தது. பர்கண்டி முதல் கிளை பட்டுப்போனதும் 1363-ல் வாலுவா ராஜா அதைக் கடைசி மகனுக்குக் கொடுத்தார். அந்த மகனின் மகன், ராஜாவின் தம்பியை 1407-ல் பாரிஸ் தெருவில் ஆள் வைத்துக் கொன்றான். 1419-ல் பேச்சுவார்த்தைக்கு என்று பாலத்துக்கு அழைத்து அவனைக் கொன்றார்கள். அவன் மகன் கோபத்தில் இங்கிலாந்தோடு சேர்ந்துகொண்டான். ஜோன் ஆஃப் ஆர்க்கை 1430-ல் பிடித்து, இங்கிலாந்துக்கு விற்றது பர்கண்டி தரப்புதான். பிற்காலத்தில் ஒரு துறவி, பாலத்தில் கொல்லப்பட்டவனின் மண்டையோட்டிலிருந்த பிளவைக் காட்டி, இங்கிலீஷ்காரர்கள் பிரான்ஸுக்குள் நுழைந்த ஓட்டை இதுதான் என்று சொன்னதாகக் கதை. தாயாதிச் சண்டைக்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

இதற்கிடையில், பெண்களை ஒதுக்கியதற்குச் சட்டம் வேண்டுமே! 1358-ல் ஒரு துறவி பழைய ஃபிராங்க் இனத்தாரின் சாலிக் சட்டத்தைத் தேடி எடுத்தார். நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று அதில் ஒரு வரி. கிரீடம் பற்றி மூச்சு இல்லை. அடுத்த நூற்றாண்டில் அதையே தூக்கிப் பிடித்து, ஆதியிலிருந்தே இதுதான் சட்டம் என்றார்கள். 1317-ல் செலவு செய்துவிட்டு, வவுச்சரைப் பிறகு தயார் செய்த கதை.

அதே குடும்பத்தின் ஆன்ஜூ கிளையில் என்ன நடந்தது? ஹங்கேரி, போலந்து ராஜா லூயி 1382-ல் மகன் இல்லாமல் இறந்தார். இரண்டு மகள்கள். மேரிக்கு ஹங்கேரி. யட்விகாவுக்கு 1384-ல் போலந்தில் முடிசூட்டினார்கள். பத்து வயசு. பட்டம் என்ன தெரியுமா? ராணி இல்லை, ராஜா! ரத்தம் ஒன்று, ரூல் வேறு. ஆக, பெண்ணால் ஆள முடியாது என்பது இயற்கையும் இல்லை, வேதமும் இல்லை. சித்தப்பாவின் வசதி.

* * *

ஜோன் என்னவானாள்?

ஸ்பெயின் எல்லையில் நவார் என்று ஒரு சின்ன ராஜ்ஜியம். ஜோனின் பாட்டி வழியில் வந்த சொத்து. பாட்டியே அங்கே சொந்த உரிமையில் ராணி. சித்தப்பாக்கள் இருவரும் அதையும் சேர்த்து அனுபவித்து வந்தார்கள். 1328-ல் நவார்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: ‘பிரான்ஸில் நீங்கள் எப்படியோ போங்கள். எங்கள் ஊரில் மகளுக்கு உரிமை உண்டு. ஜோனைக் கூப்பிடு.’ 1329-ல் பம்ப்ளோனாவில், 17 வயசில், கணவரோடு முடிசூட்டிக்கொண்டாள். 1349-ல் இறந்தாள்.

நவார் அவள் மகனுக்குப் போயிற்று. அங்கிருந்து மகன்கள், மகள்கள் என்று யார் இருந்தார்களோ அவர்களுக்குப் போயிற்று. வழியில் நாலு ராணிகள் சொந்த உரிமையில் ஆண்டார்கள். நாலாவது ராணியின் பெயரும் ஜோன். அவர் ஒரு பிரெஞ்சுப் பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒன்பதாம் லூயியின் கடைசி மகன் ராபர்ட் ஆரம்பித்து வைத்த பூர்போன் கிளைக்காரர். கடைசிப் பிள்ளையின் கிளை. பட்டத்துக்கு வரிசை என்றால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

1589-ல் வாலுவா வம்சத்தின் கடைசி ராஜா மூன்றாம் ஹென்றியை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். மகன் இல்லை. மூன்று சகோதரர்கள் அடுத்தடுத்து ஆண்டு, மூவரும் ஆண் வாரிசு இல்லாமல் போன அதே 1328-ன் கதை. இப்போது பங்காளியைத் தேடினார்கள். சாலிக் சட்டம் பேசியாயிற்றே, ஆண் வழியில்தான் தேட வேண்டும். மேலே மேலே ஏறி, 1270-ல் இறந்த ஒன்பதாம் லூயி வரை போய், அங்கிருந்து வேறு கிளையில் பத்துத் தலைமுறை இறங்கி வந்தால்... நவார் ராஜா ஹென்றி. இரண்டு ஹென்றிகளுக்கும் நடுவே உறவு 21 படி. நாம் கல்யாணப் பத்திரிகைகூட வைக்க மாட்டோம்.

அவர்தான் நாலாம் ஹென்றி. பிரான்ஸ் கண்ட நல்ல ராஜாக்களில் ஒருவர். பங்காளி என்ற ஒரே காரணத்துக்காகக் கிரீடம் வந்தது. ஆனால் அவர் ஏற்கனவே எப்படி நவார் ராஜா? அம்மா வழியில். அந்த அம்மா யார்? 1316-ல் ஒதுக்கிவைத்த அந்த நாலு வயசுப் பெண்ணின் வம்சம். அவளிடமிருந்து ஹென்றி ஒன்பதாவது தலைமுறை. 273 வருஷம் கழித்து அவளுடைய நவார் வாரிசு பிரான்ஸ் சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்தார். எந்த ரூல் அவளை வெளியே தள்ளியதோ, அதே ரூலைப் பிடித்துக்கொண்டு!

பூர்போன் ராஜாக்கள் அதன் பிறகு தங்களை ‘பிரான்ஸுக்கும் நவாருக்கும் ராஜா’ என்றே எழுதிக்கொண்டார்கள். 1664-ல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி உருவானதும், 1674-ல் அது பாண்டிச்சேரியில் கடை விரித்ததும் ஹென்றியின் பேரன் பதினாலாம் லூயி காலத்தில்.

* * *

1793-ல் பதினாறாம் லூயியின் தலையை வெட்டியபோது புரட்சிக்காரர்கள் அவரை வெறும் ‘லூயி காப்பே’ என்று அழைத்தார்கள். ராஜாவுக்கு ஏது இனிஷியல்? ஹியூவின் பட்டப்பெயரைத் தேடி எடுத்து ஒட்டினார்கள். ஹெட் ஆபீஸுக்குப் பூட்டு. நடுவில் திறந்து திறந்து மூடி, 1848-ல் நிரந்தரமாக.

ஆனால் கிளை இருக்கிறதே! பதினாலாம் லூயியின் பேரன் ஸ்பெயின் ராஜாவாகி, 1713-ல் அங்கேயும் பெண்களைக் கடைசிக்குத் தள்ளிச் சட்டம் போட்டார். 1830-ல் ஏழாம் ஃபெர்டினாண்ட் அதை எடுத்தார். அவர் மகள் இசபெல் இரண்டு வயசில் 1833-ல் ராணியானபோது சித்தப்பா கார்லோஸ் வாளோடு கிளம்பினார். அந்த நூற்றாண்டில் இதற்காக மூன்று உள்நாட்டுப் போர்கள். ஊர் வேறு, நூற்றாண்டு வேறு. சித்தப்பா மட்டும் அதே சித்தப்பா. இந்தத் தடவை பெண் ஜெயித்தாள்.

இன்றைய ஸ்பெயின் ராஜா ஆறாம் ஃபிலிப்பே இதே வம்சம்தான். ஹியூ காப்பேயின் வழி, நவார் ஜோனின் வழி, இரண்டும். 2014-ல் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு இரண்டு அக்கா உண்டு. மூத்தவர்கள் இருக்க, கடைக்குட்டி ராஜா. காரணம், 1978 அரசியல் சட்டம் ‘அக்காவைவிடத் தம்பிக்கு முன்னுரிமை’ என்கிறது. லக்ஸம்பர்கை ஆளும் குடும்பமும் ஆண் வழியில் பூர்போன் கிளைதான். அவர்கள் 2011-ல் அந்த முன்னுரிமையை எடுத்துவிட்டார்கள்.

ஃபிலிப்பேக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் லியோனோர், 2005-ல் பிறந்தவள். 18 வயசு நிறைந்த அன்று, 2023 அக்டோபர் 31-ம் தேதி, பார்லிமென்டில் அரசியல் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுத்துக்கொண்டாள். அடுத்த ராணி. ஊரே கை தட்டியது. எந்தச் சித்தப்பாவும் கதவைச் சாத்தவில்லை.

சந்தோஷம்தான். ஆனால் ஷரத்து அப்படியே இருக்கிறது. லியோனோருக்கு ஒரு தம்பி பிறந்திருந்தால் அன்றைக்கு அந்த உறுதிமொழி அவளுடையதாக இருந்திருக்காது. மூத்தவள் என்பதால் மட்டும் வரவில்லை, தம்பி இல்லாததாலும் வந்தது.

ஜோனின் பாக்கியில் வட்டி வந்துவிட்டது. அசல் இன்னும் வரவில்லை.